சுவரேறிய கணவாய்

தென்காசிக்கு அப்பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரிந்ததே. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே காசி விசுவநாதருக்குக் கோயில் எழுப்பினான். வடக்கே கங்கைக்கரை வரை போக இயலாதவர்கள் தெற்கே இந்தக் காசியில் வணங்கட்டும் என்பது அவன் எண்ணம் என்பர். அந்த வடகாசியின் சுவர்கள் சிலவற்றில் 2008ஆம் ஆண்டு விசித்திரமான சில உருவங்கள் தோன்றின. குளியலறைச் சுவரில் பதிப்பார்களே, அதுபோன்ற சிறு சதுரப் பீங்கான் ஓடுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்தவை அவை. தெய்வ உருவமும் அல்ல, விளம்பரமும் அல்ல. பழைய வீடியோ விளையாட்டு ஒன்றிலிருந்து இறங்கி வந்த வேற்றுக்கிரகப் பிராணிகள்!

அவற்றை ஒட்டியவர் பிரான்சு நாட்டுக் கலைஞர். சொந்தப் பெயரையும் முகத்தையும் மறைத்து 'இன்வேடர்', அதாவது 'படையெடுப்பவர்' என்ற பெயரில் உலவுகிறார். 1969இல் பிறந்தவர். 1978இல் ஜப்பானில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்து உலகமெங்கும் பரவியபோது அவருக்கு ஒன்பது வயதுதான். இருபது ஆண்டுகள் கழித்து, 1998 முதல், அந்த விளையாட்டின் உருவங்களைப் பாரிசு நகரச் சுவர்களில் ஒட்டத் தொடங்கினார். 2011இல் அந்த ஒரு நகரத்தில் மட்டும் அவருடைய எண்ணிக்கை ஆயிரத்தைத் தொட்டது. இன்று உலகம் முழுவதிலும் 4,000க்கும் மேல்.

சிறுவயதில் விளையாடிய ஒரு விளையாட்டு ஒருவருடைய வாழ்நாள் வேலையாகவே மாறியது எப்படி? இதற்கு விடை காண வேண்டுமானால், முதலில் அந்த விளையாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏழு கிலோபைட் வானம்

விளையாட்டை உருவாக்கியவர் தோமோஹிரோ நிஷிகாடோ. டைட்டோ என்ற நிறுவனத்தின் பொறியாளர். திரையின் மேற்பகுதியில் 5 வரிசைகளில், வரிசைக்கு 11 வீதம், மொத்தம் 55 பிராணிகள். அவை பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கித் திரும்பும். கீழே உங்களுடைய ஒரே ஒரு பீரங்கி. பிராணிகள் தரையைத் தொடுமுன் எல்லாவற்றையும் சுட்டு வீழ்த்த வேண்டும். விளையாட்டு இவ்வளவுதான்.

எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' கதையில் செவ்வாய்க் கிரகத்தவர் எண்காலி போன்ற உடலுடன் வருகிறார்கள் அல்லவா? நிஷிகாடோவின் மனத்தில் இருந்தது அதுதான். எண்காலி வரைந்தாயிற்று, அதற்குத் துணையாக நண்டும் கணவாயும் வந்து சேர்ந்தன. (கணவாய் என்றதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு ஆரியங்காவு மலைவழிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது கடலில் வாழும் கணவாய்.)

இப்போது கணக்குக்கு வருவோம். அந்தத் திரையில் நெடுக்கில் 256, குறுக்கில் 224 படப்புள்ளிகள். பெருக்கினால் 57,344. ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டே நிலைகள்: ஒளிரும், அல்லது ஒளிராது. ஆகவே ஒரு புள்ளிக்கு ஒரு பிட் நினைவகம் போதும். எட்டு பிட் ஒரு பைட் ஆதலால் முழுத் திரையும் 7,168 பைட்டில், அதாவது சரியாக 7 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. கைப்பேசியில் எடுத்த 4 மெகாபைட் படம் ஒன்று பிடிக்கும் இடத்தில் இத்தகைய திரைகள் ஐந்நூறுக்கு மேல் வைக்கலாம்! நிறம் கிடையாது. நிறம் வேண்டும் என்பதற்காகக் கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் வண்ணக் கண்ணாடித் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டினார்கள். பிராணி ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு இறங்கியதும் நிறம் மாறும். பொங்கல் வாழ்த்து அட்டையில் ஜிகினா ஒட்டுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இவ்வளவு சிக்கனத்தில் ஒரு கணவாய்க்குக் கிடைத்த இடம் 8க்கு 8, அதாவது 64 புள்ளிகள். நண்டுக்கு 11க்கு 8. எண்காலிக்கு 12க்கு 8. 64 கட்டங்களில் கண்ணும் காலும் கொண்டு, பார்த்த மாத்திரத்தில் 'இது உயிருள்ளது, நமக்கு ஆகாதது' என்று தோன்றும்படி ஓர் உருவத்தை வரைந்து பாருங்கள். ஒரு கட்டத்தைக் கூட்டினால் குடம்போல் ஆகிவிடும். ஒன்றைக் குறைத்தால் கண் போய்விடும்.

இன்னொரு செய்தி இதைவிடச் சுவையானது. பிராணிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமாக ஓடும். கூடவே 'டும் டும்' என்ற ஓசையும் விரையும். விளையாடுபவரின் நெஞ்சும் படபடக்கும். இதைத் தேர்ந்த நாடகாசிரியரின் உத்தி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தொடக்கம் வேறு. இன்டெல் 8080 என்ற அந்தச் செயலியின் துடிப்பு நொடிக்கு 20 இலட்சம் மட்டுமே. எல்லாப் பிராணிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்த அதற்கு இயலாது. திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிராணி நகர்த்தப்படுகிறது. 55 பிராணிகள் இருந்தால் எல்லாம் ஓரடி வைத்து முடிய 55/60, அதாவது ஏறத்தாழ 0.92 நொடி. பத்து மிஞ்சினால் ஆறில் ஒரு பங்கு நொடி. கடைசி ஒன்றுக்கோ நொடிக்கு 60 அடி! நிஷிகாடோ இதைக் கண்டார், திருத்தாமல் விட்டுவிட்டார். பொறியின் இயலாமை விளையாட்டின் உயிராயிற்று.

ஓடும் புள்ளியும் ஒன்றே

அக்காலக் குழந்தைகள் பெட்டியின் முன் நின்றபோது கண்டது வழவழப்பான படத்தை அன்று. பல் பல்லாகத் துருத்திய சதுரங்களை. படம் எதனால் ஆனது என்பது கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. இன்வேடர் பிற்காலத்தில் பிடித்துக்கொண்டது இதைத்தான். திரையின் புள்ளி சதுரம். பீங்கான் ஓடும் சதுரம். புள்ளிக்கு ஒரு நிறம். ஓட்டுக்கும் ஒரு நிறம். ஓடு மழையிலும் வெயிலிலும் நிறம் மாறாது. வண்ணம் பூசிய சுவர் குற்றாலச் சாரலில் ஒரே பருவத்தில் பாசி பிடித்துவிடும். ஓட்டைத் துடைத்தால் புதிது. கணிப்பொறித் திரைக்கும் கொத்தனார் வேலைக்கும் இடையே இப்படி ஒரு பாலம் இருப்பதை முதலில் கண்டவர் அவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன்மேல் வாழ்நாள் முழுவதும் நடந்தவர் அவர்.

வேலை ஓட்டோடு நிற்கவில்லை. விளையாட்டின் விதிகளும் தெருவுக்கு வந்தன. தாம் ஒட்டும் ஒவ்வோர் உருவத்துக்கும் 10 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்கிறார். 2014 முதல், கைப்பேசியில் அவற்றைப் படமெடுத்து மதிப்பெண் சேர்க்கும் செயலியும் உண்டு. தெற்குப் பிரான்சின் மோன்பெலியே நகரில் அவர் ஒட்டிய இடங்களை வரைபடத்தில் குறித்தால் அக்குறிகளே சேர்ந்து ஒரு பிராணியின் உருவமாகின்றன. நகரமே திரை, ஒவ்வொரு மொசைக்கும் ஒரு படப்புள்ளி!

பெயரில் 'ஸ்பேஸ்' இருக்கிறதே, விண்வெளிக்குப் போகாமல் விடலாமா? 2012இல் ஓர் உருவத்தைப் பலூனில் கட்டி அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து பறக்கவிட்டார். அது 30 கிலோமீட்டருக்கும் மேலே சென்றது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் பலூன் பருத்துக்கொண்டே போய் வெடிக்கும். பிறகு பெட்டி குதிகுடையுடன் கீழே வரும். வானிலை ஆய்வாளர்கள் கையாளும் அதே முறை. 2015இல் மற்றோர் உருவம் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இடம் பெற்றது. அதை அங்கே வைத்தவர் இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோஃபொரெட்டி.

ஒன்றை மறைக்கக்கூடாது. பிறர் சுவரில் கேளாமல் ஒட்டுவது சட்டப்படி குற்றம். அவருடைய வேலைகளில் பெரும்பகுதி அப்படி ஒட்டப்பட்டவையே. பல இடங்களில் வீட்டுக்காரர்கள் பெயர்த்து எறிந்திருக்கிறார்கள். கலைப்பொருள் விலை போகிறது என்று திருடர்களும் பெயர்த்திருக்கிறார்கள். கலை உயர்ந்தது என்பதற்காகச் சுவர் நம்முடையதாகிவிடாது என்பது என் கருத்து. உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் வகுப்பில் வாதிட்டுப் பாருங்கள்.

எட்டி நின்றால் தெளிவு

ஓடுகளைச் சதுரம் சதுரமாக ஒட்டினால் கண் அதை எப்படி முழு உருவமாகக் காண்கிறது? இது இயற்பியலின் பகுதி. நல்ல பார்வை உள்ளவருக்குக் கண்ணில் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம் அமைத்தால்தான் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். அதைவிடக் குறைந்தால் ஒன்றாகக் கலந்துவிடும். இக்கணக்கின்படி 1 மில்லிமீட்டர் இடைவெளி 3.4 மீட்டர் தொலைவில் மறைகிறது. 2 சென்டிமீட்டர் ஓடானால் சுமார் 70 மீட்டருக்கு அப்பால்தான் ஓடுகளின் எல்லைகள் கரையும். தென்காசிக் கோயிலின் இராசகோபுரம், 1990இல் திரும்பக் கட்டி முடிக்கப்பட்டது, ஏறத்தாழ 180 அடி உயரம். தெருவில் நின்று அதன் உச்சிச் சுதைச் சிற்பங்களைப் பார்க்கும்போது விரல் நகமும் மணிமாலையும் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். சிற்பி அதை அறிந்தே மேல்நிலைகளில் கண்களைப் பெரிதாகவும் நிறங்களை அழுத்தமாகவும் வைப்பார்.

இதில் ஒரு விந்தை உண்டு. 1973இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியான் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் சதுரங்களாகக் குறைத்து வெளியிட்டார். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். எட்டிப் போனால், அல்லது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், லிங்கன்! தெளிவைக் குறைத்தால் படம் தெளிவாகிறது. காரணம், சதுரங்களின் கூரிய விளிம்புகள் முகத்தின் மென்மையான ஏற்ற இறக்கங்களை மறைக்கின்றன. பார்வையை மங்கலாக்கும்போது முதலில் அழிவது அந்த விளிம்புகள்தாம். ஓவியர் சால்வடோர் டாலி 1976இல் இதைக் கொண்டே ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். அதன் தலைப்பிலேயே இருபது மீட்டர் தொலைவில் நின்றால் லிங்கன் தெரிவார் என்று எழுதிவிட்டார். இன்வேடரும் 2005 அளவில் இவ்வழியில் இறங்கினார். எர்னோ ரூபிக் 1974இல் அமைத்த வண்ணக் கனசதுரம் உங்களுக்குத் தெரியும். ஒரு முகத்தில் ஒன்பது சதுரம், மொத்தம் ஆறே நிறம். அத்தகைய கனசதுரங்கள் ஏறத்தாழ 300ஐ வேண்டியபடி திருப்பி அடுக்கி மோனலிசாவை உண்டாக்கினார். புள்ளிகள் மூவாயிரத்துக்கும் கீழே. ஆனாலும் அந்தப் புன்னகை தப்பவில்லை.

புள்ளி அசையாமலே அருவி ஓடுவதும் உண்டு. 1980களின் இறுதியிலும் 1990களிலும் விளையாட்டுகளுக்குப் படம் வரைந்தவர்கள், மொத்தம் சில நிறங்களே தரும் கணிப்பொறிகளில் நீர்வீழ்ச்சியைக் காட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நொடியும் அருவியைப் புதிதாக வரைய நேரமில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? அருவியை நீலத்தின் எட்டுச் சாயல்களில் வரிவரியாக ஒருமுறை வரைந்துவிட்டு, நிறங்களின் வரிசை எண்ணை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். முதல் சாயல் இரண்டாவதாகும், இரண்டாவது மூன்றாவதாகும், எட்டாவது முதலாவதாகும். நீர் கொட்டுவது போலவே தோன்றும். கோயில் திருவிழாவில் சீரியல் செட் போடுகிறார்களே, பல்பு எதுவும் நகர்வதில்லை. அணைந்து எரியும் முறைதான் நகர்கிறது. நம் கண் ஒளி ஓடுவதாகக் கொள்கிறது. அதே கதைதான். மார்க் ஃபெராரி என்ற அமெரிக்க ஓவியர் இந்த முறையில் மழையும் அருவியும் அலையும் வரைந்து பெயர் பெற்றார். ஐந்தருவியில் நிற்கும்போது ஒரே இடத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சட்டெனப் பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மேலே ஏறுவது போலத் தோன்றும். கண் ஏமாறுவது இயந்திரத்தின் முன் மட்டுமல்ல.

விளையாட்டா கலைஞனை ஆக்கியது?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'வீடியோ விளையாட்டு விளையாடியதால் ஒருவர் உலகப் புகழ் பெற்றார்' என்று வீட்டில் சொல்லிக் கைப்பேசியை வாங்கிவிடலாம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த வாதம் நிற்காது. அந்த விளையாட்டை ஆடியவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கானவர்கள். அவர்களில் சுவருக்கு ஓடு கொண்டுபோனவர் ஒருவர். வெற்றி பெற்ற ஒருவரிடமிருந்து பின்னோக்கிப் பார்த்துக் காரணம் சொல்வது அறிவியல் முறை அன்று. மற்ற கோடிப் பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 'விளையாட்டு கெடுக்கும்' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களுக்கும் இதே பதில்தான். கெட்டுப்போன ஒருவரைக் காட்டுவதும் அதே பிழை.

வேறு ஒன்றைப் பாருங்கள். விளையாட்டுகளைச் செய்தவர்களே எங்கிருந்து எடுத்தார்கள்? ஷிகெரு மியமோட்டோ சிறுவயதில் கியோட்டோவுக்கு அருகிலுள்ள தம் ஊர்க் காடுகளிலும் குகையிலும் சுற்றித் திரிந்தவர். அந்தத் திரிதலே 1986இல் 'செல்டா' விளையாட்டாயிற்று. சடோஷி தஜிரி பூச்சி பிடித்து விளையாடிய பையன். 1996இல் 'போக்கிமான்' அதிலிருந்து பிறந்தது. செண்பகாதேவிக்குப் போகும் மலைப்பாதையும் மழைக்காலத் தும்பியும் உள்ள ஊரில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் கனடாவின் டொராண்டோ நகரத்து விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா' விளையாட்டில், 1980களில் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையற்கட்டே களம். கிழிந்துபோன சமையற்குறிப்பைக் கொண்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்பு விருதைப் பெற்றது. ஆக, சமையற்கட்டிலிருந்து திரைக்கும் வருகிறது, திரையிலிருந்து சுவருக்கும் போகிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடுகிறாளே, திரிகூடராசப்பக் கவிராயர் தெருவில் பார்த்த ஆட்டம் ஏதோ ஒன்று அந்தத் தாளத்தில் இருக்கத்தானே செய்யும்?

என்னுடைய கவலை வேறு. பழைய பெட்டியில் புள்ளிகளை எண்ண முடிந்தது. விதிகளை ஒரு மாலையில் கண்டுபிடிக்க முடிந்தது. இன்றைய கைப்பேசி விளையாட்டில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையானவை. விதிகளும் மறைவு, எப்போது பரிசு வரும், எப்போது காசு கேட்கும் என்பதை எங்கோ ஒரு கணிப்பொறி முடிவு செய்கிறது. ஆடுபவரை விடாமல் பிடித்து வைப்பதற்கென்றே அமைத்தவை அவற்றில் பல. அதைத் திறந்து உள்ளே என்ன என்று பார்க்கும் ஆசை ஒரு பிள்ளைக்கு எப்படி வரும்? இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. திறந்து பார்க்கக்கூடிய விளையாட்டு ஒன்றையாவது ஒவ்வொரு பிள்ளையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

அப்படி ஒன்று நம் வாசலிலேயே உண்டு. புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் கோலத்தைக் கணக்காக ஆராய்ந்தார்கள். எந்தப் புள்ளிக்கு எந்த வளைவு, எத்தகைய விதியைத் திரும்பத் திரும்பச் செயற்படுத்தினால் கோலம் பெரிதாகும் என்பதை ஓர் இலக்கணம் போல எழுதி 1974இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸுக்கு நான்கு ஆண்டு முன்பு! கணிப்பொறிப் பட இலக்கணத்தைப் பற்றிய நூல்களில் அந்தக் கோலங்கள் இடம் பெற்றுவிட்டன.

வரைபடத் தாளும் பென்சிலும் இருந்தால் கணவாயை நீங்களே வருவிக்கலாம். நிஷிகாடோவின் கணவாயை மேலிருந்து கீழாக வரிவரியாக எட்டு எண்களில் எழுதிவிடலாம்:

24, 60, 126, 219, 255, 36, 90, 165

ஒவ்வோர் எண்ணையும் இரும எண்ணாக மாற்றுங்கள். எட்டு இலக்கம் வரும்வரை முன்னால் பூச்சியம் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 என்பது 16ம் 8ம் சேர்ந்தது, ஆகவே 00011000. ஒன்று வரும் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள், பூச்சியத்தை விட்டுவிடுங்கள். எட்டு வரியும் முடிந்ததும் கறுத்த கட்டங்களை எண்ணுங்கள். 36 வரவேண்டும். இடப்பாதியும் வலப்பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லையானால் எந்த வரியில் பிசகியது என்பதைச் சமச்சீரே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு தாளைச் சுவரில், உங்கள் வீட்டுச் சுவரில், ஒட்டிவிட்டுப் பின்னாலே நடந்துகொண்டே வாருங்கள். கட்டத்தின் அகலம் 2 மில்லிமீட்டரானால், எத்தனையாவது மீட்டரில் கண் மறைகிறது என்று அளந்து எழுதுங்கள். மேலே சொன்ன கணக்கின்படி ஏறத்தாழ 7 மீட்டரில் மறைய வேண்டும். முன்னதாகவே மறைந்தால் கண் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.